என் கடை, என் கிளாஸ், என் புகை

வங்கியில் கணக்கு முடிக்க நேரமாகிவிட்ட ஒரு ராத்திரி, கூட வேலை பார்க்கிற நண்பரோடு எங்கள் வட்டாரத்தில் ஒரு பாருக்குப் போனேன். கடைப் பேரும் ஊர்ப் பேரும் வேண்டாம். ஒரு கடை மேல புகார் சொல்றதுக்காக நான் இதை எழுதலை. தகரக் கூரை. மூணு பக்கமும் சுவர், சன்னல் கிடையாது. ஒரே ஒரு மின்விசிறி. இங்கிட்டு இருக்கிற புகையை அங்கிட்டுத் தள்ளுறதுதான் அதோட வேலை. இருபது பேர் உட்கார்ந்திருந்தால் பத்துப் பன்னிரண்டு பேர் கையில் நெருப்பு. அந்தப் புகைக்குள்ளேயிருந்து ஒருத்தன் வந்து மேசையைத் துடைத்துவிட்டு, "அண்ணே, நீங்களா" என்றான். என் சித்தப்பா மகன்.

மூணு வருசமா அவனுக்கு அங்கதான் வேலை. கிளாஸ் கழுவணும். சுண்டல், முட்டை எடுத்துக் கொடுக்கணும். எவனாவது வாந்தி எடுத்தா அள்ளணும். கடை சாத்துறப்போ துண்டு பீடியையும் சிகரெட் கட்டையையும் பெருக்கித் தள்ளணும். மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு உள்ளே போனால் ராத்திரி பதினொன்றுக்கு வெளியே வருவான். அவனுக்குப் பீடி சிகரெட் பழக்கம் கிடையாது. ஆனாலும் என்னோடு பேசி முடிக்கிறதற்குள் நாலு தடவை இருமினான். "சளிண்ணே, விட மாட்டேங்குது" என்றான்.

பாரை எடுத்து நடத்துகிறவர் கல்லாவில் இருந்தார். நகைக்கடனுக்கு எங்கள் கவுண்டருக்கு வந்துபோகிறவர்தான். எழுந்துபோய்ச் சொன்னேன்:

"அண்ணே, உள்ள வச்சுப் புகை பிடிக்கக் கூடாதுண்டு சட்டமே இருக்கு. வெளிய போயிப் பிடிக்கச் சொல்லலாம்ல. வேலை பாக்குற பயலுக இருமிக்கிட்டே கெடக்கானுக."

"சார், அந்தச் சட்டமெல்லாம் பேங்க்குக்கு. இது பாரு. பீடி பத்த வைக்கக் கூடாதுண்டா எவன் சார் வருவான்?"

"அந்தப் பையன் என் சித்தப்பா மகண்ணே. அதுக்காகத்தான் சொல்றேன்."

அவர் என்னைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். 'சார்' போய்விட்டது.

"தம்பி, இது என் எடம். ஏலம் எடுத்தவன் நான், வாடகை கட்டுறவன் நான். பிடிக்கலேண்டா வராத. அவனுக்குப் பிடிக்கலேண்டா நிக்கச் சொல்லு. நாளைக்கே வேற ஆள் வருவான்."

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. 'சார்' போனதற்காக இல்லை, அது பழகிப்போனதுதான். அந்த வாக்கியத்தை நான் ஏற்கெனவே எங்கேயோ கேட்டிருக்கிறேன் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. விடியப் போகிற நேரத்தில் நினைவு வந்தது.

எனக்கு எட்டு வயசோ ஒன்பது வயசோ. 1996, 97 வாக்கில் இருக்கும். எங்கய்யா கையைப் பிடித்துக்கொண்டு ஊர் டீக்கடைக்குப் போயிருந்தேன். எங்களுக்கான கிளாஸ் கூரைக்கு வெளியே கம்பியில் தொங்கும். நாமளே எடுக்கணும், குடிச்சு முடிச்சு நாமளே கழுவி மாட்டணும். பள்ளிக்கூடத்துத் திமிர் எனக்கு. "ஏய்யா, உள்ள இருக்கிற கிளாஸ்ல நமக்குத் தர மாட்டாகளா?" என்று சத்தமாகவே கேட்டுவிட்டேன். டீ ஆத்திக்கொண்டிருந்தவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "என் கடை, என் கிளாஸ். பிடிக்கலேண்டா வராத" என்றார்.

இருபத்தைந்து வருசத்துக்கு மேல ஆச்சு. கிளாஸ் இருந்த இடத்துக்குப் புகை வந்திருக்கு. வாக்கியத்தில் ஒரு எழுத்து மாறவில்லை.

தனியாருக்குச் சொந்தமான பாரிலும் ஓட்டலிலும் புகை பிடிக்காதே என்று சொல்ல அரசுக்கு என்ன உரிமை இருக்கிறது? இதை ஏதோ பட்டணத்துக்காரர்கள் ஏசி அறையில் உட்கார்ந்து பேசவேண்டிய விசயம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். தோழர்களே, இது நம்ம கேள்வி. நாம பதில் சொல்லியாக வேண்டிய கேள்வி.

*

'தடை' என்ற சொல்லைக் கேட்டால் நமக்கு உடம்பு கூசும். கூசணும். எங்கள் மாவட்டத்தில் அந்தச் சொல்லுக்கு ஒரு வரலாறு உண்டு.

1930 டிசம்பரில் அன்றைய ராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிதிராவிடர்கள் மேல் ஆதிக்க சாதியினர் எட்டுத் தடைகள் விதித்தார்கள். தங்கம், வெள்ளி நகை போடாதே. வேட்டி முழங்காலுக்குக் கீழே இறங்கக் கூடாது. சட்டை, பனியன் போடாதே. கிராப்பு வெட்டாதே. வீட்டில் மண்பாத்திரம் தவிர வேறு புழங்காதே. பெண்கள் மேலாடை போடக் கூடாது, பூ வைக்கக் கூடாது. குடை பிடிக்காதே, செருப்புப் போடாதே. அடுத்த வருசமே எட்டு பதினொன்றானது. மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன, ஆடு மாடுகள் கொள்ளை போயின. ஹட்டன் என்ற வெள்ளைக்கார அதிகாரி இந்தியச் சாதிகளைப் பற்றி எழுதிய புத்தகத்தில் இதையெல்லாம் பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்.

பீடி அந்தப் பட்டியலில் இல்லை. எழுதாத பட்டியலில் இருந்தது. ஊர்க்காரர் எதிரே வந்தால் தோளில் கிடக்கிற துண்டு இடுப்புக்கு வரணும், வாயில் இருக்கிற பீடி மறையணும். எங்கய்யாவின் வலது உள்ளங்கையில் வட்டமாக ஒரு தழும்பு உண்டு. பதினாறு பதினேழு வயசில், எதிரே வந்தவர் நின்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டதால், எரிகிற பீடியைக் கைக்குள் பொத்தி வைத்துக்கொண்டே பதில் சொன்னாராம். அதற்குச் சில வருசம் கழித்து, வெளியூரில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய ஒரு நாள், அதே ஊர் மந்தையில் நின்று பீடியைப் பற்ற வைத்தார். ஆள் வந்தார். பீடியை எடுக்கவில்லை. அன்றைக்கு ராத்திரி எங்கள் தெருவில் யாரும் படுக்கவில்லை என்று அப்பத்தா சொல்லும். ஆனால் அதற்கப்புறம் எங்கள் தெரு ஆம்பளைகள் எவரும் பீடியை மறைக்கவில்லை.

அந்த ஆளுடைய மகன் நான். 'புகை பிடிக்காதே' என்ற தடைக்கு ஆதரவாக நான் எப்படி எழுதுவது? என் சிக்கல் இதுதான். கொஞ்ச நாள் இதையே சுற்றிச் சுற்றி யோசித்தேன். யோசித்ததில் தெரிந்தது, இரண்டும் தடைதான், ஆனால் இரண்டும் வேறு வேறு இடத்தைப் பார்க்கின்றன. சாதித் தடை ஆளைப் பார்க்கும். 'நீ இன்னார், அதனால் என் முன்னால் பிடிக்காதே. நான் உன் முன்னால் பிடிப்பேன்' என்று சொல்லும். இன்றைய சட்டம் புகையைப் பார்க்கிறது. 'நீ யாராக இருந்தாலும் சரி, மூடின இடத்துக்குள் அடுத்தவன் மூச்சில் புகையை விடாதே, வெளியே போய்ப் பிடித்துக்கொள்' என்கிறது.

இப்போது அந்தத் தகரக் கூரைக்குக் கீழே என்ன நடக்கிறது என்று பாருங்கள். காசு கொடுத்தவன் புகை விடுகிறான். அவனுக்குக் கிளாஸ் கழுவுகிறவன் அதை இழுக்கிறான். எழுந்து போக முடியாது, மூஞ்சியைத் திருப்பிக்கொள்ளக்கூட முடியாது. அன்றைக்கு நம் புகை அவர்கள் கண்ணில் படக் கூடாது என்றார்கள். இன்றைக்கு அவர்கள் புகை நம் நெஞ்சில் இறங்கியே ஆகணும் என்கிறார்கள். குடித்துக்கொண்டு புகை விடுகிறவர்களில் நம்ம ஆட்களும் உண்டு. அதை மறைத்துவிட்டுப் பேசினால் அது பேச்சே இல்லை. ஆனால் கிளாஸ் கழுவுகிற இடத்தில், பெருக்குகிற இடத்தில், வாந்தி அள்ளுகிற இடத்தில் யார் நிற்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

*

சட்டம் என்ன சொல்கிறது? நம் மாணவத் தோழர்கள் பலருக்கே இது முழுசாகத் தெரியாது. அதனால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

2001 நவம்பரில் உச்ச நீதிமன்றம், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், நூலகம், கோர்ட்டு, அரசு அலுவலகம், பஸ், ரயில் என்று ஒரு பட்டியல் போட்டு அங்கெல்லாம் புகை பிடிக்கக் கூடாது என்று உத்தரவிட்டது. ஓட்டலும் பாரும் அதில் இல்லை. 2003இல் நாடாளுமன்றம் சிகரெட் மற்றும் பிற புகையிலைப் பொருட்கள் சட்டத்தைக் கொண்டுவந்தது. அதன் கீழ் வந்த விதிகள் 2008 அக்டோபர் 2 முதல் நடைமுறைக்கு வந்தன. அதில்தான் பார், கேன்டீன், வேலை செய்கிற இடம் எல்லாம் 'பொது இடம்' என்ற வரையறைக்குள் வந்தன. சிகரெட் கம்பெனித் தரப்பும் ஓட்டல்காரர்கள் தரப்பும் கோர்ட்டுக்குப் போனார்கள். நிறுத்தி வைக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அன்றைக்கு மத்திய சுகாதார அமைச்சர் அன்புமணி ராமதாஸ். அவருடைய கட்சியோடு நமக்குள்ள கணக்கு வேறு, அது தனியாகப் பேசவேண்டியது. இங்கே கேள்வி, அந்தச் சட்டம் யாருடைய மூச்சுக்கு என்பதுதான்.

அந்த விதிகளில் ஒரு நல்ல விசயம் இருக்கிறது. பொறுப்பை இடத்துக்காரர் தலையில் வைத்திருக்கிறார்கள். 60 சென்டிமீட்டருக்கு 30 சென்டிமீட்டர் அளவுக்குக் குறையாமல் பலகை மாட்டணும். புகார் யாரிடம் சொல்லணும் என்று அதில் பேர் போட்டிருக்கணும். சாம்பல் தட்டு, தீப்பெட்டி, லைட்டர் எதுவும் மேசையில் இருக்கக் கூடாது. புகார் வந்தும் இடத்துக்காரர் நடவடிக்கை எடுக்கவில்லை என்றால், எத்தனை பேர் பிடித்தார்களோ அத்தனை பேருக்கான அபராதமும் அவருக்குச் சேரும்.

நான் வேலை பார்க்கிற வங்கியில் இந்தப் பலகை தொங்குகிறது, மேனேஜர் பேரோடு. ஒரு காலத்தில் கவுண்டரில் உட்கார்ந்துகொண்டே சிகரெட் பிடிப்பார்கள் என்று ஓய்வு பெற்ற பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். இன்றைக்கு எவனும் பிடிக்க மாட்டான். என் நுரையீரலைச் சட்டம் காப்பாற்றிவிட்டது. அதே சட்டம்தான் என் சித்தப்பா மகனுக்கும். எந்தப் பாரிலும் பேர் எழுதின பலகையை நான் இதுவரை பார்த்ததில்லை. ஒரே தெருவில் பிறந்து, ஒரே பள்ளிக்கூடத்தில் படித்த இரண்டு பேர். பரீட்சை எழுதி உள்ளே வந்தவனுக்கு ஒரு காற்று, வராதவனுக்கு ஒரு காற்று.

*

இனி அந்த முதலாளி வாக்கியத்துக்கு வருவோம். 'இது என் எடம்.'

வீடு வேறு, கடை வேறு. என் வீட்டுக்குள் யாரை விடுவது, என்ன கிளாஸில் கொடுப்பது என்று நான் முடிவு பண்ணலாம். ஆனால் கதவைத் திறந்து, போர்டு மாட்டி, ரோட்டில் போகிறவனையெல்லாம் வா என்று கூப்பிட்ட பிறகு அது வீடு இல்லை. இதை நான் புதுசாகச் சொல்லவில்லை. நம் அரசமைப்புச் சட்டத்தின் 15ஆவது பிரிவு, கடை, ஓட்டல், உணவகம், கேளிக்கை இடம் என்று பேர் சொல்லியே, அங்கெல்லாம் சாதியைக் காட்டி யாரையும் தடுக்கக் கூடாது என்கிறது. 1948 நவம்பரில் அரசமைப்பு அவையில் விவாதம் வந்தபோது, 'கடை' என்ற சொல்லை அகலமான பொருளில் எடுத்துக்கொள்ள வேண்டும், காசுக்குச் சேவை தருகிற இடங்களும் அதில் அடங்கும் என்று அம்பேத்கர் விளக்கினார். 1955இல் வந்த தீண்டாமைக் குற்றங்கள் சட்டம், இன்றைக்குக் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், இன்னும் ஒரு படி உள்ளே போனது. உணவகத்தில் பொதுப் புழக்கத்துக்கு வைத்திருக்கிற பாத்திரத்தைப் பயன்படுத்த விடாமல் தடுத்தால் குற்றம் என்றது. அதாவது, தனியார் கடைக்குள் புகுந்து, தனியார் கிளாஸ் மேலேயே சட்டம் கையை வைத்தது. கடைக்காரரின் லைசென்சை ரத்து செய்யவும் அதில் வழி இருக்கிறது.

'தனியார் இடத்தில் அரசு தலையிடக் கூடாது' என்ற வாதத்தை நாம் புகைக்காக ஒத்துக்கொண்டால், கிளாஸுக்கும் ஒத்துக்கொண்டதாகிவிடும். இந்த வாதத்தால் இதுவரை ஜெயித்தவர்கள் யார், தோற்றவர்கள் யார் என்பது நமக்கு நன்றாகத் தெரியும்.

அமெரிக்காவிலும் இதே கதைதான். 1960 பிப்ரவரி 1ஆம் தேதி கிரீன்ஸ்பரோ என்ற ஊரில் நாலு கறுப்பின மாணவர்கள், வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த சாப்பாட்டு மேடையில் போய் உட்கார்ந்தார்கள். 1964இல் குடிமை உரிமைகள் சட்டம் வந்தது. உடனே அட்லாண்டாவில் ஒரு தங்கும் விடுதிக்காரர் கோர்ட்டுக்குப் போனார். 'என் சொத்து, என் இஷ்டம்' என்றார். அது மட்டுமில்லை, கறுப்பருக்கு அறை கொடுக்கச் சொல்வது என்னைக் கட்டாய ஊழியத்தில் தள்ளுவது, அதாவது என்னை அடிமையாக்குவது என்று வாதாடினார்! அடிமைமுறையை ஒழிக்க வந்த சட்டத் திருத்தத்தையே தனக்குத் துணைக்கு அழைத்தார். கோர்ட்டு தள்ளிவிட்டது. முதலாளிக்குத் தன் கடையில் சட்டம் நுழைந்தால் தான் அடிமையாகிவிட்டதாகத் தோன்றும். கடைக்குள் நிற்கிற அடிமை கண்ணுக்குத் தெரிய மாட்டான்.

சட்டம் இனிமேல்தான் கடைக்குள் நுழையப் போகிறது என்பதே பொய். எங்கள் கமுதியைக் கேளுங்கள். 1897இல் இங்குள்ள மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார் சமூகத்தினர் நுழைந்தார்கள். ராமநாதபுரம் ராஜா பாஸ்கர சேதுபதி வழக்குப் போட்டார். லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் வரைக்கும் வழக்குப் போய், 1908இல், வழக்கப்படி அவர்களுக்கு உள்ளே வர உரிமை இல்லை என்று முடிந்தது. அன்றைக்குச் சட்டம் வெளியேயா நின்றது? வாசலிலேயே நின்றது, கதவைச் சாத்துகிறவர் பக்கம். இன்றைக்கும் நான் அந்தப் பாரை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்றால் முதலாளி போலீசைக் கூப்பிடுவார். 'என் எடம்' என்பதே சட்டம் கொடுத்த எடம்தான். எனவே சட்டம் உள்ளே வரலாமா வேண்டாமா என்ற பேச்சுக்கே இடமில்லை. உள்ளே இருக்கிற சட்டம் கல்லாவில் இருக்கிறவனுக்கு மட்டும்தானா, கிளாஸ் கழுவுகிறவனுக்கும் உண்டா என்று கேட்போம்.

*

நம் தோழர்கள் சொல்கிற எதிர்வாதங்களையும் எடுத்துக்கொள்கிறேன். சுலபமாகத் தள்ளிவிடக்கூடியவை இல்லை அவை.

முதலாவது: 'பிடிக்காதவன் வேறு வேலைக்குப் போகட்டுமே, யார் கட்டாயப்படுத்தினார்கள்?' இதை முதலாளி சொன்னால் புரிகிறது. நம்ம ஆள் சொன்னால்தான் வருத்தம். கமுதி வட்டாரத்தில் வேறு வேலை எது? குண்டாற்றில் தண்ணீர் வந்தால் மிளகாய்க் காட்டுக் கூலி. வராவிட்டால் சீமைக்கருவேல் வெட்டிக் கரிமூட்டம் போடுகிற வேலை, அதுவும் புகைதான். இங்கே 2016இல் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் திறந்தார்கள். புகையில்லாத மின்சாரம் கமுதியிலிருந்து போகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. கரிமூட்டத்துப் புகையில் நிற்கிறவன் இன்னும் நின்றுகொண்டுதான் இருக்கிறான். வேலையைத் தேர்ந்தெடுக்கிற உரிமை நமக்கு இருந்திருந்தால் சாதி என்றைக்கோ செத்திருக்கும்.

இரண்டாவது: 'கரிமூட்டத்தை விடவா பீடிப் புகை?' ஒரு தோழர் என்னிடம் நேரடியாகவே கேட்டார். எங்கய்யா கரிமூட்டத்திலும் வேலை பார்த்தவர், பீடியும் பிடித்தவர். இன்றைக்கு மூச்சிழுக்கக் குழாய் மருந்து வைத்திருக்கிறார். எந்தப் புகை எவ்வளவு தின்றது என்று டாக்டராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஒரு பக்கம் வேகுது என்பதற்காக மறுபக்கத்தையும் வேக வைக்கணுமா? கரிமூட்டத்துக்கும் பாதுகாப்புக் கேட்போம். பாருக்கும் கேட்போம். அடுத்தவர் விட்ட புகையை இழுத்தே உலகத்தில் ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் சாகிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. மின்விசிறி போட்டாலும், தனிப் பகுதி ஒதுக்கினாலும் முழுப் பாதுகாப்பு இல்லை என்று 2006இல் அமெரிக்காவின் தலைமை மருத்துவ அதிகாரியின் அறிக்கை தெளிவாகச் சொல்லிவிட்டது.

மூன்றாவது: 'இது நடுத்தர வர்க்கத்து ஒழுக்கப் போலீஸ் வேலை. உழைக்கிறவனுக்கு இருக்கிற ஒரே ஓய்வு பீடி. அதையும் பிடுங்குகிறீர்களா?' எனக்கு யாருக்கும் ஒழுக்கம் கற்றுக்கொடுக்கிற ஆசை இல்லை. பீடி பிடிக்கிறவனைக் கேவலமாகப் பார்க்கிற பார்வை எனக்கும் அருவருப்புதான். பிடிக்கிறவன் பிடிக்கட்டும், வெளியே வந்து பிடிக்கட்டும். திருநெல்வேலி, தென்காசிப் பக்கம் பீடி சுற்றுகிற பெண்களின் கூலி இதனால் போய்விடும் என்று கம்பெனிக்காரர்கள் கண்ணீர் விடுவார்கள். அந்தப் பெண்களின் கூலியையும் சேமநல நிதியையும் பற்றி அவர்களுக்கு வேறு எந்த நாளும் கண்ணீர் வந்ததாகத் தெரியவில்லை. 2004 மார்ச்சில் அயர்லாந்து தன் மதுக்கடைகள் உட்பட எல்லா வேலை இடங்களிலும் புகையைத் தடுத்தது. நாடு முழுக்க அப்படிச் செய்த முதல் நாடு அதுதான். அங்கே அதை வேலை செய்கிறவர்களின் உடல்நலப் பிரச்சினையாகப் பேசினார்கள். நாமும் அப்படியே பேசவேண்டும். அது தொழிலாளியின் கோரிக்கை.

நான்காவதுதான் என்னை உண்மையில் பயமுறுத்துகிறது: 'போலீசுக்கு இன்னொரு சாக்கு.' 2011 செப்டம்பர் 11, இமானுவேல் சேகரனின் நினைவு நாளில் பரமக்குடியில் நடந்த துப்பாக்கிச் சூட்டைப் பார்த்த மாவட்டம் இது. லத்தியைக் கையில் வைத்திருக்கிறவனுக்கு இன்னொரு சட்டத்தையும் கொடுத்தால் யார் முதுகில் இறங்கும் என்று நமக்குத் தெரியாதா? பஸ் ஸ்டாண்டில் பீடி பிடிக்கிற கூலிக்காரனுக்கு இருநூறு ரூபாய் அபராதம், ஒரு நாள் கூலியில் பாதி போச்சு. பாருக்குள் பத்துப் பேர் ஊதுகிற இடத்துக்குள் எந்த அதிகாரியும் நுழைவதில்லை. இந்தப் பயம் நியாயமானது. ஆனால் இந்தப் பயத்தால் நாம் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைக் கைவிட்டோமா? போலீஸ் வழக்குப் பதிய மறுக்கிறது என்பதற்காகச் சட்டமே வேண்டாம் என்றோமா? இல்லையே. சட்டத்தை யார் கையில், யார் மேல் என்று கேட்டுச் சண்டை போட்டோம். இங்கேயும் அதைத்தான் செய்யணும்.

*

சண்டை போட நிறைய இருக்கிறது. முப்பது பேரோ அதற்கு மேலோ உட்காரக்கூடிய உணவகத்திலும், முப்பது அறையோ அதற்கு மேலோ உள்ள ஓட்டலிலும் புகைப்பதற்குத் தனி இடம் வைத்துக்கொள்ளலாம் என்று சட்டமே ஓட்டை போட்டு வைத்திருக்கிறது. கமுதியில் எந்த டீக்கடையில் முப்பது பேர் உட்காருவார்கள்? பீடி பிடிக்கிறவன் தெருவுக்கு, சுருட்டுப் பிடிக்கிற பெரிய மனுசன் கண்ணாடி அறைக்கு. இந்தியாவில் பெரியவர்களில் பீடி பிடிப்போர் 7.7 சதவீதம், சிகரெட் பிடிப்போர் 4 சதவீதம் என்று 2016-17 கணக்கெடுப்பு சொல்கிறது. சலுகை எந்தப் பக்கம் போயிருக்கிறது பாருங்கள். 2017இல் விதியைத் திருத்தி, அந்தப் புகை அறைக்குள் சாப்பாடோ வேறெந்தச் சேவையோ கொடுக்கக் கூடாது என்றார்கள். நல்லது. ஆனால் அந்த அறையைக் கூட்டித் துடைக்கிறது யார்? சர்வருக்கு விலக்கு, துப்புரவுத் தொழிலாளிக்கு விலக்கு இல்லை. தனிக் கிளாஸ் ஒழிந்த பல ஊர்களில் பேப்பர் கப் வந்த மாதிரி, புகைத் தடைக்குள் இந்தத் தனி அறை. ஆதிக்கம் தன்னை மாற்றிக்கொள்ளும், ஆனால் போகாது.

அரசையும் விடக் கூடாது. 2003ஆம் வருசம்தான் புகையிலைச் சட்டம் வந்தது. அதே வருசம் நவம்பரில்தான் தமிழ்நாட்டில் சில்லறைச் சாராய வியாபாரத்தை டாஸ்மாக் மூலமாக அரசே கையில் எடுத்தது. பாட்டில் அரசாங்கத்துடையது. அதைக் குடிக்கிற பாருக்கு உரிமம் கொடுத்துக் காசு வாங்குகிறதும் அரசாங்கம். அப்படியென்றால் 'தனியார் பார்' என்பதே அரைப் பொய். உரிமம் கொடுக்கிற கைக்கு, அந்த உரிமத்தில் 'உள்ளே புகை இருந்தால் ரத்து' என்று ஒரு வரி எழுத முடியாதா? 2022 அக்டோபரில் ஹூக்கா பார்களை ஒழிக்க நம் சட்டமன்றம் மூன்றாண்டு வரை சிறை என்று சட்டம் போட்டது. பட்டணத்துப் பணக்காரப் பிள்ளைகளின் நுரையீரலுக்கு அவ்வளவு அக்கறை. தகரக் கூரைக்குக் கீழே கிளாஸ் கழுவுகிறவனின் நுரையீரலுக்கு ஒரு பலகைகூடக் கிடையாது.

ஆகவே என் கருத்து இது. தடை வேண்டும். எல்லாப் பாருக்கும், எல்லா ஓட்டலுக்கும், நட்சத்திர ஓட்டலுக்கும் சேர்த்து வேண்டும். முப்பது இருக்கை, முப்பது அறை என்ற விலக்கு ஒழியணும். அபராதம் பீடி பிடிக்கிற கூலிக்காரனிடம் ஆரம்பிக்கக் கூடாது, இடத்துக்காரரிடம் ஆரம்பிக்கணும். பாருக்கு உரிமத்திலேயே கை வைக்கணும். சோதனைக்கு லத்திக்காரர்கள் வேண்டாம். சுகாதார ஆய்வாளர் வரட்டும், தொழிலாளர் துறை ஆய்வாளர் வரட்டும். புகையைப் பார்க்க உள்ளே வருகிற அதே ஆய்வாளர், அந்தக் கடையில் எத்தனை விதமான கிளாஸ் இருக்கிறது என்றும், பெஞ்சில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள், தரையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றும் எழுதிக்கொண்டு போகட்டும்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. உங்கள் ஊர் ஓட்டல்களிலும் டீக்கடைகளிலும் பலகை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் யார் பேர் போட்டிருக்கிறது என்று பாருங்கள். அங்கே வேலை செய்கிற பையனிடம் அஞ்சு நிமிசம் பேசுங்கள், எத்தனை மணி நேரம் நிற்கிறான், எத்தனை தடவை இருமுகிறான் என்று. கிளாஸையும் பாருங்கள். எழுதி அனுப்புங்கள். இரட்டைக் குவளைக் கணக்கெடுப்பை நாம் ஊர் ஊராக நடந்துதான் எடுத்தோம். இதையும் நடந்துதான் எடுக்கணும்.

இதை எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று எங்கய்யாவிடம் சொன்னேன். கொஞ்சம் பயந்துகொண்டேதான் சொன்னேன். அவர் குழாய் மருந்தை இழுத்துவிட்டு, "மந்தையில நான் பீடியைப் பத்த வச்சது அவன் மூஞ்சியில ஊதுறதுக்கா? மறைக்காம நிக்கிறதுக்குடா" என்றார். பிறகு, "அந்தப் பயலுக்கு வேற எங்கிட்டாச்சும் ஒரு வேலை பாரு" என்றார்.

பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். இன்னும் கிடைக்கவில்லை. திங்கட்கிழமை காலையில் நான் பலகை தொங்குகிற கட்டிடத்துக்குள் போவேன். மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு அவன் புகைக்குள் போவான்.